பேட்டரிக்குத் தைத்த உறை

அன்றைக்குக் காலையிலிருந்தே அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. நோயாளி படுத்திருக்கிற வீட்டில் பேசுவார்களே, அந்த மாதிரி ஒரு பேச்சு. படுத்திருந்தது என்னவோ ஒரு பேட்டரிதான். கார் ஷெட்டில், இரண்டு மரப்பலகைகளுக்கு மேல், நீளப் பெட்டியாகக் கிடந்தது.

உண்மையான நோயாளி சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தாள். வீட்டுக்காரர் ஒரு தையல்காரர். இவள் அவருடைய அக்காள். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டதால், வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறவள். போகும்போது ஒருமாதிரி நடந்துவிடுவாள். திரும்பும்போதுதான் கண் இருட்டும், கால் துவளும். ஒருமுறை பேருந்துப் படியிலேயே விழுந்துவிட்டாள். அதனால்தான் பெட்ரோலிலும் பேட்டரியிலுமாக ஓடுகிற பழைய ஹைப்ரிட் கார் ஒன்றை வாங்கினார்கள்.

அந்தக் கார் மூன்று நாளைக்கு முன்பு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சிவப்பு முக்கோண விளக்கைக் காட்டிவிட்டு நடுரோட்டில் நின்றது. வாடகை வண்டி வந்து சேர்வதற்குள் அவளுடைய முறை தப்பிப்போனது. அன்றிரவு அவளால் தலையணையில் சாயவே முடியவில்லை. சாய்ந்தால் மூச்சு முட்டியது. விடியும்வரை உட்கார்ந்தே இருந்தாள். மறுநாள் எப்படியோ இடம் கொடுத்துச் சரிசெய்தார்கள். "இன்னொரு தடவை இப்படி விட்டுடாதீங்க" என்று டாக்டர் சொன்னார். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பயம் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கும்.

அடுத்த முறை, நாளைக் காலை.

பேட்டரியைக் காரிலிருந்து இறக்கியவள் தையல்காரரின் மனைவி. பழுதான மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றித் தருகிற கடையில் வேலை செய்கிறாள். நாத்தனார் அவளுக்கு வைத்திருந்த பெயர் மோட்டார்க்காரி. அதே கடையில் வேலை பார்க்கும் 'வோல்ட்டு' அண்ணன் ஓய்வு நேரத்தில் இந்த மாதிரிப் பெட்டிகளை உயிர்ப்பிக்கிறவர். அவர்தான் சார்ஜரை இரவல் கொடுத்து, பெட்டியை இறக்கவும் கைகொடுத்துவிட்டு, அதை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் வருகிற பயம் உங்களுக்குப் புரியும். உள்ளே இருபத்துச் சொச்சம் செல்கள், ஒன்றை ஒன்று ஒட்டி, கைகோத்து நிற்கும். அதில் ஒன்று இளைத்துப்போனாலும் வண்டி நின்றுவிடும். அந்த இளைத்ததையும் மற்றவற்றோடு சமமாக்கத்தான் மெதுவாக, மிக மெதுவாக மின்சாரம் ஊட்டுவது. நன்றாக இருக்கிற செல்கள் முதலில் நிறைந்துவிடும். ஆனாலும் அவை பந்தியை விட்டு எழுந்துபோக முடியாது. இளைத்தது சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவரை தங்களுக்கு வருவதையெல்லாம் வாங்கி வாங்கிச் சூடாக்கி வெளியே விடும். அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போகப் பக்கத்திலேயே ஒரு விசிறி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். யாராவது ஒருவர் கூடவே காவல் இருக்க வேண்டும்.

ஷெட்டில் பிளக் இல்லை. அதனால் நாத்தனார் அறையின் ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, ஒரே பிளக் போர்டில் சார்ஜரையும் விசிறியையும் சொருகியிருந்தார்கள்.

"ஏம்மா மோட்டார்க்காரி, என் ஜன்னல் வழியா என்ன பாம்பு நுழையுது?"

"ஒயர்தான்க்கா. உங்க ரூம் கரண்ட்தான் அதுக்கு."

"என் ரத்தம்தான் மெஷினுக்குப் போகுதுன்னு பாத்தேன். இப்ப என் கரண்டுமா?"

"திருப்பிக் குடுத்துடறேன்க்கா, சுத்தம் பண்ணி."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டு, "அந்த ஃபேன் வேற சுவத்துக்கு அந்தப் பக்கம் ஙொய்ங்குது. கண்ண மூட முடியல" என்றாள்.

வாசலறையில் தைத்துக்கொண்டிருந்த தம்பி அங்கிருந்தே எரிந்து விழுந்தார். "எதுக்கெடுத்தாலும் ஒரு குறையாக்கா? எல்லாம் உனக்காகத்தானே பண்றா அவ?"

ராத்திரியெல்லாம் தூங்காதவர் சொன்ன சொல் அது. சொன்ன கையோடு அவர் மறந்தும் போனார். கேட்டவள் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நெருங்கியது. மகளை, அவளை எல்லாரும் 'வால்' என்றுதான் கூப்பிடுவார்கள், தினமும் காரில்தான் அழைத்துவருவார்கள். இன்றைக்குப் பேருந்தில் போக வேண்டும். மோட்டார்க்காரி மீட்டரைப் பார்த்தாள். பெட்டியின் மேல் ஒட்டுநாடாவால் ஒட்டிய மெல்லிய ஒயரின் நுனி சூட்டை உணர்ந்து, அலமாரியில் இருந்த மீட்டரில் எண்ணாகக் காட்டும். முப்பத்தாறு. நாற்பதைத் தாண்டினால் நிறுத்திவிடு என்று வோல்ட்டு அண்ணன் சொல்லியிருந்தார். இன்னும் இடம் இருக்கிறது. ஆனால் இந்த வேகத்தில் நாளைக்குள் முடியுமா? அவள் சார்ஜரின் குமிழைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். கொஞ்சம்தான். ஆனாலும், யாராவது பார்க்கிறார்களா என்று கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு கணவரைக் கூப்பிட்டுக் காவலை ஒப்படைத்தாள்.

"இந்த ரெண்டு முனையிலயும் கை படவே கூடாது. மோதிரத்தக் கழட்டுங்க. கத்திரிக்கோல், ஊசி, எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது."

"பட்டா ஷாக் அடிக்குமா?"

"வீட்டு கரண்ட் மாதிரி நெனைக்காதீங்க. புடிச்சா விடாது. யாரையும் கிட்ட விடாதீங்க. யாரையும்!"

"பூனை வந்தா?"

"பூனையையுந்தான்."

"ஏய், நீ இப்படிச் சொல்லிட்டுப் போனா நான் எப்படி இங்க நிக்கறது?"

"கிட்ட நிக்க வேணாம். இந்த நம்பர மட்டும் அப்பப்ப பாருங்க. ஏறுச்சுன்னா போன் பண்ணுங்க."

விசிறியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லவும் வேண்டுமா என்று நினைத்துவிட்டாள். கைபட்டுவிடும் என்கிற பயத்தை மட்டும் அவர் மடியில் நிரம்பக் கட்டிவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் பூனை வந்தது. மதில்மேல் உட்கார்ந்து பெட்டியையும் தையல்காரரையும் மாறி மாறிப் பார்த்தது. "சூ" என்றார். அது வாலை மட்டும் அசைத்தது. செருப்பை ஓங்கினார். அது ஷெட்டுக்குள்ளேயே குதித்து, பலகைக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கமாக வெளியேறியது. தையல்காரர் செருப்பைக் கீழே போட்டார். பூனைக்கே இப்படியென்றால், மகள் வால் வந்து சேர்ந்தால்? எதையும் தொட்டுப் பார்க்காமல் விடாத கை அது.

தையல்காரரின் குணம் உங்களுக்குத் தெரியாது. எந்தப் பொருளானாலும் துணி போட்டு மூடினால்தான் அவருக்கு நிம்மதி. தையல் மெஷினுக்கு உறை, டிவிக்கு உறை, தண்ணீர் கேனுக்கு உறை, உறை வைக்கிற பெட்டிக்கும் ஓர் உறை. "என்னையும் ஒரு நாள் உறை போட்டு மடிச்சு வச்சுடுவாரு" என்று மனைவி கேலி செய்வாள். இந்த ஆபத்துக்கும் அவருக்கு ஒரு வழிதான் தோன்றியது.

கனமான போர்வைத்துணி ஒன்று மிச்சம் இருந்தது, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. பெட்டியை அளவெடுக்க வேண்டும், ஆனால் தொடக்கூடாது. தூரத்தில் நின்று கண்ணாலேயே அளந்தார். எத்தனையோ வருஷமாகப் பெண்களுக்குத் தைக்கிறவர். தொடாமல் அளவெடுப்பது அவருக்குப் புதிதல்ல. விறுவிறுவென்று வெட்டித் தைத்தார். ஒயர் வெளியே வர ஒரு பக்கம் வாய் விட்டு, வாயின் ஓரம் பிரியாமல் மடித்தும் அடித்தார். பிறகு தன் நீள மரஸ்கேலால் தூக்கி, கை படாமல், பெட்டியின் மேல் இறக்கினார். மணமகளுக்கு முக்காடு இறக்குவதுபோல அத்தனை பதமாக.

கச்சிதமாகப் பொருந்தியது. அவர் பயமும் கொஞ்சம் இறங்கியது.

உறை இறங்கும்போது அதன் ஓரம் அந்த மெல்லிய ஒயரில் மாட்டியதை அவர் கவனிக்கவில்லை. ஒட்டுநாடா பிரிந்து, ஒயரின் நுனி நழுவி, சிமெண்டுத் தரையில் விழுந்தது. விசிறி இப்போது பஞ்சுத்துணியின் மேல் ஊதியது. அலமாரியில் மீட்டரின் எண் மெல்ல இறங்கத் தொடங்கியது. முப்பத்தைந்து. முப்பத்து மூன்று. முப்பது.

தையல்காரர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கைபேசியை மீட்டருக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, வாசலறைக்குப் போய்ப் பாதியில் விட்ட சட்டையை எடுத்தார். இடையிடையே ஷெட்டுக்கு வந்து, எண்ணைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

சுவருக்கு இந்தப் பக்கம் நாத்தனார் படுத்திருந்தாள். விசிறியின் சத்தம் மாறியது அவளுக்குக் கேட்டது. ஙொய் என்று மெலிதாக இருந்தது, இப்போது மூக்கடைத்தவன் மூச்சுவிடுவதுபோலக் கனத்துப்போனது. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாக ஒரு வாடையும் வந்தது. இஸ்திரிப்பெட்டியை மறந்துபோய்த் துணிமேல் வைத்த மாதிரி. சொல்லலாமா? 'எதுக்கெடுத்தாலும் ஒரு குறையாக்கா?' அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

பேருந்து மழையில் மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. மோட்டார்க்காரி மகளை மடியோடு அணைத்து வைத்துக்கொண்டு போன் போட்டாள். நல்லவேளை, அவர் ஷெட்டில் நின்ற நேரம்.

"எவ்ளோ காட்டுது?"

"இருபத்தெட்டு! குளுகுளுன்னு இருக்கு உன் பெட்டி. நீ நிதானமா வா."

"அப்பாடா" என்று போனை வைத்தாள். அவள் தோள் இறங்கியதைப் பார்த்து வால் கேட்டாள்: "பேட்டரிக்குக் காய்ச்சல் விட்டுடுச்சாம்மா?"

"விட்டுடுச்சு, கண்ணு."

ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. விட்டுடுச்சு என்று சொன்ன வாய் அப்படியே நின்றது. எப்படி விடும்? குமிழை ஏற்றி வைத்துவிட்டு வந்தவள் அவள். செல்கள் நிறைய நிறையச் சூடு ஏறத்தான் வேண்டும். ஷெட்டின் காற்றே மதியம் முப்பதுக்கு மேல் இருந்தது. சார்ஜ் ஆகிற பெட்டி காற்றைவிடக் குளிர்ந்து போகுமா? இருபத்தெட்டு என்பது பெட்டியின் சூடு அல்ல. வேறு எதனுடைய சூடோ அது. அப்படியானால் பெட்டியின் சூடு என்ன?

திரும்பவும் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். வாசலறையில் அவர் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும், காதில் விழாது. போன் ஷெட்டிலேயே கிடக்கும். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம், எழுந்து ஓட முடியாதவள் படுத்திருக்கிறாள்.

நாத்தனாருக்குப் போட்டாள்.

"அக்கா, ஷெட்டுப் பக்கம் ஏதாவது வாடை வருதா?"

கட்டில் கிறீச்சிடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா!"

"வருதும்மா. அப்பவே வருது. ஃபேன் சத்தமும் ஒரு மாதிரி இருக்கு. சொன்னா குறை சொல்றேன்னு..."

"ஐயோ, எங்கிட்ட சொல்லக் கூடாதா! சரி, சரி. இப்ப கேளுங்க. உங்க தலமாட்டுல ஒயர் சொருகியிருக்கே, அந்த சுவிட்ச அணைங்க."

சுவிட்ச் கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால், தாழ்வாக இருந்தது. குனிந்தால் அவளுக்குக் கண் இருட்டும். கட்டிலின் சட்டத்தைப் பிடித்து, ஒரு முழங்காலை ஊன்றி, கையை நீட்டினாள். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். போனுக்குள் அவளுடைய மூச்சு இழுத்து இழுத்துக் கேட்டது. பேருந்தில் மோட்டார்க்காரி மகளின் கையை எவ்வளவு இறுக்குகிறோம் என்று தெரியாமலேயே இறுக்கினாள்.

டக்.

"அணைச்சுட்டேன். ஃபேனும் நின்னுபோச்சு."

"நிக்கட்டும். அவரக் கூப்பிடணும். கத்தாதீங்க, கேக்காது. மெதுவா நடந்து போக முடியுமா?"

"முடியலன்னா உருண்டு போறேன். நீ லைன்லயே இரு."

சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். நடுக்கூடத்தில் ஒருமுறை நின்றாள். வாசலறையில் தையல்காரர் குனிந்து, காலர் ஓரத்தை அடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று மெஷின் திணறியது. நிமிர்ந்து பார்த்தால், அக்காளின் வீங்கிய கை சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியிருந்தது.

"பேட்டரி காயுதுடா. பெட்டிமேல என்னத்தடா போட்ட?"

"ஒண்ணும் போடலியே. உறைதான்..."

போனுக்குள் இருந்து மனைவி அலறியது இரண்டு பேருக்கும் கேட்டது.

தையல்காரர் ஓடினார். ஷெட்டு வாசலில் நின்றுவிட்டார். கத்திரிக்கோல் கையில் இருந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு மரஸ்கேலை எடுத்தார். அவசரத்தில் ஸ்கேலை உறைக்கு அடியில் நுழைக்கவே இரண்டு மூன்று தடவை ஆனது. ஒரே இழுப்பில் உறையைத் தூக்கி வீசினார். அடுப்பைத் திறந்தாற்போல ஒரு சூடு முகத்தில் அடித்தது.

"சார்ஜர் பிளக்க முதல்ல உருவணுமாம்!" அக்காள் கூடத்திலிருந்தே போனில் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். "உருவிட்டியா? இப்ப நான் சுவிட்ச போடறேன், ஃபேன் மட்டும் ஓடட்டும். கதவ அகலத் திற. அப்புறம் வெளிய வந்துடு. வீர தீரமெல்லாம் வேணாம்னு சொல்றா."

மறுபடியும் அறைக்குள் போய், மறுபடியும் முழங்காலை ஊன்றி, அவள் அந்த சுவிட்சைப் போட்டாள். இந்தத் தடவை விசிறி மெலிதாக, ஙொய் என்று ஓடியது. வாழ்நாளில் அவள் கேட்டதிலேயே இனிமையான சத்தம் அதுதான் என்று பிற்பாடு சொன்னாள்.

மோட்டார்க்காரி நின்ற பேருந்திலிருந்து இறங்கி, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினாள். இடுப்பில் தூக்குகிற வயதா அவளுக்கு? எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் கண் வீடுகளின் கூரைக்கு மேலே எதையோ தேடியது. மழைப்புகை எல்லாம் அவளுக்கு நெருப்புப்புகையாகத் தெரிந்தது. கடைசித் திருப்பத்தில், தெருவோரம், வாடிக்கையாளர் யாரோ மறந்துவிட்டுப் போன பூப்போட்ட குடைக்குக் கீழே, அக்காளும் தம்பியும் இரண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அப்படியே நின்று, மகளைக் கீழே இறக்கிவிட்டு, மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எதுக்கு அழற? வீடு இருக்கு, நாங்களும் இருக்கோம்" என்றாள் நாத்தனார். "உன் புருஷன் மட்டுந்தான் பாதி செத்துட்டான்."

தையல்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ள தொட்டுடுமேன்னு நெனச்சேன்" என்றார்.

"நானுந்தான் தப்பு. உங்கள அவ்ளோ பயமுறுத்தினேன், எதுக்குப் பயப்படணும்னு முழுசா சொல்லல. குமிழயும் கூட்டி வச்சுட்டுப் போனேன்."

"நான் மட்டும்?" என்றாள் நாத்தனார். "வாடை வந்தும் வாய மூடிட்டுப் படுத்திருந்தேன். ஆஸ்பத்திரில நர்ஸு மெஷின் நம்பரப் பாத்துட்டு விடமாட்டா, என் மூஞ்சியையும் வந்து பாப்பா. 'ஒரு மாதிரி இருந்தா உடனே சொல்லணும், வெக்கப்படக் கூடாது'ன்னு அதட்டுவா. அங்க சொல்ற வாய்க்கு இங்க என்ன வந்துச்சோ."

சாயங்காலம் வோல்ட்டு அண்ணன் வந்து, முகம் சுருங்கப் பார்த்தார். கீழே விழுந்திருந்த ஒயர் நுனியைச் சரியாக ஒட்டி வைத்தபோது, அத்தனை நேரம் ஆறின பிறகும், மீட்டர் ஐம்பது காட்டியது. நல்லவேளையாகச் செல்களை இறுக்கிப் பிடிக்கும் கம்பிகளை மோட்டார்க்காரி கழற்றாமல் வைத்திருந்தாள். எதுவும் உப்பவில்லை. ஆனாலும் அவர் தலையை ஆட்டினார். "ராத்திரி பூரா சும்மா ஆறட்டும். காலைல ஒவ்வொண்ணா அளந்து பாத்துட்டுத்தான் ஏத்தணும்."

"காலைல அக்காவுக்கு முறை இருக்கே அண்ணே."

"நான் கடை வேன்ல கூட்டிட்டுப் போறேன். திரும்பி வர்றதுக்குத்தானே உங்க காரு வேணும்? அதுக்குள்ள அவசரம் இல்லாம பாரு."

மோட்டார்க்காரி நாத்தனாரைப் பார்த்தாள். நாளைக்கு விழுந்துவிட்டால்? வண்டி மறுபடி நடுவழியில் நின்றுவிட்டால்? அவள் கேட்காத கேள்விக்கே நாத்தனார் பதில் சொன்னாள்: "எனக்காக அவசரப்பட்டது போதும். வண்டி வந்தா வருது. வரலன்னா அங்க ஒரு பெஞ்சு இருக்கு, உக்காந்திருக்கேன்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் எப்போதும்போலக் குளிர் எலும்பைத் தொட்டது. ரத்தம் வெளியே போய் வருகிறவர்களுக்கு அந்தக் குளிர் இரண்டு மடங்கு. மெஷினில் இணைக்கப்போகும் நேரத்தில் நாத்தனார் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து மேலே விரித்துக்கொண்டாள். பஞ்சு வைத்த கனத்த உறை. ஒயருக்காக விட்ட வாய் வழியாகக் குழாய்கள் போகிற கையை வெளியே நீட்டிக்கொண்டாள். கழுத்துவரை கதகதப்பு, கை மட்டும் வெளியே.

"ஐ, இது நல்லாருக்கே!" என்றாள் நர்ஸ். "இதுக்குன்னே தச்சதா?"

"இல்லம்மா. எங்க வீட்டுல இன்னொரு நோயாளி இருக்கு. அதுக்குத் தச்சது. அதுக்கு ஒத்துக்கல."

வீட்டில் மோட்டார்க்காரி ரப்பர் கையுறையோடு ஒவ்வொரு செல்லாக அளந்தாள். இளைத்திருந்தது மற்றவற்றோடு ஏறக்குறையச் சேர்ந்துவிட்டிருந்தது. ஏறக்குறைய! அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை தூரம் போகலாம்? அளந்ததையே மறுபடி அளந்தாள். நாத்தனாரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத் திரும்பிய வோல்ட்டு அண்ணனும் அளந்தார். பெட்டியை ஏற்றி, பேட்டரியைக் காரோடு இணைக்கிற ஆரஞ்சு நிறப் பிளக்கைப் பொருத்தி, சாவியைத் திருப்பினாள். முக்கோணம் எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. பிறகு அணைந்தது.

ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் நாத்தனார் உறையைத் தோளில் போர்த்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் கார் வந்து நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அந்த வண்டி நிற்கும்போது சத்தமே போடாது. மோட்டார்க்காரி இறங்கி வந்து தோளைத் தொட்டதும்தான் விழித்தாள்.

"வந்துட்டியா? எவ்ளோ காட்டுது?"

"முப்பத்து நாலு. மீட்டரையும் வண்டிலயே வச்சுட்டேன். நுனி நல்லா ஒட்டியிருக்கு, ரெண்டு தடவை பாத்தேன்."

வழியெல்லாம் மோட்டார்க்காரியின் கண் முக்கோணம் வருகிற இடத்தைவிட்டு நகரவில்லை. ஒவ்வொரு மேட்டிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் பின்சீட்டில் சாய்ந்திருந்தாள். சீட்டுக்குப் பக்கத்தில் பேட்டரிக்குக் காற்று போகிற சல்லடை இருந்தது. உறையின் ஒரு முனை சரிந்து அதன் மேல் விழுந்தது.

"அடியே, நிறுத்து, நிறுத்து!" என்று பதறினாள்.

மோட்டார்க்காரி அலறியடித்து ஓரமாக நிறுத்தினாள். "என்னக்கா? என்னாச்சு? மயக்கமா?"

"அதெல்லாம் இல்ல. உன் பேட்டரியோட மூக்க மூடிட்டேன்." உறையை இழுத்துத் தன் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டாள். "சொல்லிடணும்ல. இனிமே எதுக்கெடுத்தாலும் குறை சொல்றதா இருக்கேன். இப்ப போ."